தண்ணீர் நிற்கும் ஜன்னல்

ஜெயபிரியா (மனசுக்குள்): ஜன்னல் பார்க்க வாரதுக்கு எதுக்குச் சேலையை மாத்தினேன்? இஸ்மாயில் பாய் ஹார்டுவேர் கடை, ஐந்தருவின்னு காலைலருந்து சுத்தின சேலை, நல்லாத்தான் இருந்துச்சு. திரும்ப வீட்டுக்குப் போயி, மாத்திட்டு, பூ வச்சு, அப்பறம் பூவை எடுத்துட்டு வந்திருக்கேன். அதுவும் இன்னைக்கு. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுக் கெளம்பிரணும். காப்பி குடிக்கக் கூடாது.

வல்லிநாயகம்: என்ன, வாசல்லயே நின்னுட்டிய? சாரல் அடிக்குல்லா, உள்ள வாங்க. காப்பி போடச் சொல்லட்டா... சொல்லதுக்கு யாரு இருக்கா, நானே போடுதேன்.

ஜெயபிரியா: காப்பி வேண்டாம்.

வல்லிநாயகம்: எப்பவும் மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவிய.

ஜெயபிரியா: இன்னைக்கு நெசமாவே வேண்டாம். ஜன்னல்ல என்ன?

வல்லிநாயகம்: அதேதான். கீழ கண்ணாடி ஓடுத டிராக்குல தண்ணி நிக்கு. காத்தடிச்சா உள்ள வழியுது. பாருங்க, துணி போட்டு வச்சிருக்கேன். ஊருக்கே வீடு கட்டுத காண்ட்ராக்டர் வீட்டுல ஜன்னல் ஒழுகுதுன்னா சிரிக்க மாட்டானுவளா?

ஜெயபிரியா: அஞ்சாவது தடவை.

வல்லிநாயகம்: நாலுல்லா?

ஜெயபிரியா: அஞ்சு. சர்வீஸ் நோட்டுல எழுதியிருக்கேன்.

வல்லிநாயகம்: சரி... உங்க டூல்ஸ் பை எங்க? வண்டியிலயா?

ஜெயபிரியா: கொண்டு வரலை.

வல்லிநாயகம்: பை இல்லாம எப்படி...

ஜெயபிரியா: மொதல்ல ஒரு விசயம் பேசணும்.

வல்லிநாயகம்: பேசுவோமே. அந்தா, ஜன்னல் பக்கம் உட்காருங்க.

ஜெயபிரியா: ரெண்டு நாற்காலி கெடக்கு.

வல்லிநாயகம்: ஒண்ணு போன மாசம் வாங்கினேன். ஒத்தை நாற்காலி பார்க்க என்னமோ மாதிரி இருந்துச்சு.

ஜெயபிரியா: இன்னைக்கு மலையே தெரியலை.

வல்லிநாயகம்: மேகம் விலகினா தெரியும். நீங்க எடுத்த அளவுதான இது. பூச்சு முடிஞ்ச அன்னைக்கு ஒரு சிமிண்டு மூட்டை மேல உட்கார்ந்துக்கிட்டு, 'இங்கன உட்காருத ஆளுக்கு அருவி தெரியணும், ஜன்னல் கீழ்க்கட்டையை அரை அடி இறக்குங்க'ன்னுட்டிய. கொத்தனார் இசக்கி என்னை ஒரு பார்வை பார்த்தான். பூசின சுவத்தை உடைக்கச் சொல்லுதாகளேன்னு அவனுக்கு வயித்தெரிச்சல்.

ஜெயபிரியா: நடுவுல சட்டம் வரக் கூடாதுன்னும் சொன்னேன்.

வல்லிநாயகம்: ஆமா, நடுவுல ஒரே கண்ணாடி. அங்கன யாரு உட்காரப் போறான்னு கேட்டேன். நீங்க பதில் சொல்லலை.

ஜெயபிரியா: கஸ்டமர் கேக்க எல்லாத்துக்கும் பதில் சொல்லிக்கிட்டிருந்தா வேலை ஓடுமா?

வல்லிநாயகம்: நான் கஸ்டமரா? ஒரு நிமிசம், போன்... ஏலே இசக்கி, என்னலே? ...ஜன்னல் கட்டைக்குச் சாய்மானம் வெளிப்பக்கம்லே. உள்பக்கமா விட்டே? ...ரசமட்டம் எதுக்குக் கையில வச்சிருக்க, முதுகு சொறியவா? ...ஆமா, அக்கா இங்கனதான் இருக்காக. சொல்லட்டுமா? ...அப்ப ஒழுங்கா உடைச்சுப் பூசு. வை. பார்த்தியளா, உங்க பேரைச் சொன்னாத்தான் அவனுக்குப் பயம்.

ஜெயபிரியா: பயம் இல்ல. பாட்டில்ல தண்ணி ஊத்திக் காட்டினேன்லா, அந்த ஞாபகம்.

வல்லிநாயகம்: அதைச் சொல்லுங்க. தென்காசியில ஒரு மேஸ்திரி உங்களைச் சைட்டுக்குள்ள விடலை. பிளாஸ்டிக் ஜன்னலாம், பொம்பளை வந்து மாட்டுதாளாம்னு சிரிச்சாங்க. நீங்க அசரலையே. ஞாயித்துக்கிழமை தோறும் வெட்டின பிரேம் துண்டைத் தூக்கிக்கிட்டு வந்து, தண்ணியை ஊத்தி, 'மழைத்தண்ணி டிராக்குக்குள்ள வரத்தான் செய்யும், கீழ இருக்க இந்த ரெண்டு ஓட்டை வழியாத்தான் வெளிய போகும், பூசும்போது அடைச்சிராதிய'ன்னு... அன்னைக்கு நின்னு கேட்ட நாலு பேருதான் இன்னைக்கு உங்களுக்கு வேலை சொல்லுதானுவ.

ஜெயபிரியா: ஆசாரி செல்லப்பா அன்னைக்குக் கேக்கவே இல்ல. மர ஜன்னல் போட்ட சோறு போச்சேன்னு ரெண்டு மாசம் என் முகத்துல முழிக்கலை. பொறவுதான் அவர் வீட்டுக்கே போயி, கதவு உங்களுக்கு, ஜன்னல் எனக்கு, ஒருத்தர் பார்ட்டியை ஒருத்தர் சொல்லி விடுவோம்னு பேசினேன். பாய் கடையில மாதிரிக்கு ஒரு ஜன்னல் வச்ச பொறவு புளியறை தாண்டிக் கேரளாப் பக்கமிருந்தும் ஆளு வருது. மூணு வருசம். ஒவ்வொருத்தரையா...

வல்லிநாயகம்: தெரியும். கூடவே இருந்தேன்லா.

ஜெயபிரியா: காலைல பாய் கடைக்குப் போனேன்.

வல்லிநாயகம்: ம்.

ஜெயபிரியா: ஐந்தருவிப் பக்கம் லாட்ஜு கட்டுதாரே, முத்துச்செல்வம். அறுபத்திரண்டு ஜன்னல். அவரு போன வாரம் இங்க வந்தாராமே.

வல்லிநாயகம்: வந்தாரு. உங்க பேரை நான்தான் சொன்னேன். மாட்டின ஜன்னல் ஒண்ணைப் பார்க்கணும்னாரு.

ஜெயபிரியா: பார்த்தாரு. தண்ணி நின்னுச்சு.

வல்லிநாயகம்: சொல்லிட்டு வரலை அவரு. திடுதிப்புன்னு வந்து நின்னுட்டாரு.

ஜெயபிரியா: சொல்லிட்டு வந்திருந்தா? இங்கருந்து அவரு நேரா பாய் கடைக்குப் போயி, கோயமுத்தூர்ல தொழில் படிச்சவங்காக, சாரல் தாங்குத மாதிரி ஒரு ஜன்னல் போடத் தெரியலைன்னு சொல்லியிருக்காரு. நாலு மேஸ்திரி நின்னுருக்காங்க. பாய் அதை எங்கிட்டச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கலை. தராசைத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு.

வல்லிநாயகம்: நான் சும்மா விடலை. பொறவு போயி அவர்ட்ட பேசினேன். அதைச் சொல்லணும்னுதான் நானும்...

ஜெயபிரியா: என்ன பேசினிய?

வல்லிநாயகம்: கட்டடம், ஜன்னல் ரெண்டும் என் பேர்ல எடுத்துக்கிடுதேன், ஒழுகினா நான் ஜவாப்புன்னேன். சரின்னுட்டாரு. வேலை பூரா நீங்கதான். போர்டு மட்டும் என்னுது.

ஜெயபிரியா: போர்டு மட்டும்.

வல்லிநாயகம்: அதுவும் எத்தனை நாளைக்கு? ஒரே போர்டாப் போட்டுருவோம். எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது... வீட்டுக்காரி அனுசியா தவறிப் போயி நாலு வருசம். அவ இருக்கும்போது வாடகை வீடு, ஆனா வீடு. இது சொந்த வீடு, நான் கட்டினதுலயே நல்ல வீடு, ஆனா சாவியைத் திறந்து உள்ள வந்தா சைட்டுக்குள்ள வந்த மாதிரியே இருக்கு. நீங்க வந்துட்டுப் போற அன்னைக்கு மட்டும் ரெண்டு டம்ளர் கழுவுதேன். அது போதும்னு நெனச்சேன். போத மாட்டேங்கு. ரெண்டு மாசமா நீங்க என்னை அண்ணாச்சின்னு கூப்பிடலை. வேற எப்படியும் கூப்பிடலை. 'இந்தாங்க', 'பாருங்க'ன்னுதான். கவனிச்சேன்.

ஜெயபிரியா: அதை வச்சு என்ன நெனச்சிய?

வல்லிநாயகம்: நெனச்சதைத்தான் இப்பச் சொன்னேன்.

ஜெயபிரியா: கோயமுத்தூர் கம்பெனியில ஒம்போது வருசம் நான் என்ன வேலை பார்த்தேன், தெரியுமா?

வல்லிநாயகம்: செக்கிங்னு சொன்னிய.

ஜெயபிரியா: ஜன்னலை நிறுத்தி வச்சுத் தண்ணியைப் பீய்ச்சி அடிப்பாங்க. எங்கன ஒழுகுது, ஏன் ஒழுகுதுன்னு நான் பார்த்து எழுதணும். சாயங்காலமானா என் வீட்டுக்காரரோட ஜன்னல் கடைக்கு அளவெடுக்கப் போவேன். கடை போர்டுல அவர் பேரு. எல்லாம் உன்னுதுதான, போர்டு மட்டும்தானன்னு அவரும் சொன்னாரு. பிரிஞ்சு ஊருக்கு வரும்போது, இவ்வளவு நாள் வேலை பார்த்தேன்னு காட்ட எங்கிட்ட ஒரு விசிட்டிங் கார்டு கெடையாது. அளவு டேப்பு ஒண்ணு இருந்துச்சு.

வல்லிநாயகம்: நான் அவரு இல்ல.

ஜெயபிரியா: இல்ல... நீங்க அவரு இல்ல. அதான் கஷ்டமா இருக்கு.

வல்லிநாயகம்: அப்ப என்ன யோசனை?

ஜெயபிரியா: கொஞ்சம் தள்ளுங்க. அந்தத் துணியை எடுங்க.

வல்லிநாயகம்: பை இல்லாம எப்படிப் பார்ப்பிய?

ஜெயபிரியா: இதுக்குக் கொண்டை ஊசி போதும்.

வல்லிநாயகம்: வேண்டாம்... விடுங்க, நான் பொறவு ஆளை வச்சு...

ஜெயபிரியா: வெள்ளைப் பிரேமுல வெள்ளை மெழுகு. தெரியாதுன்னு நெனச்சிய. தண்ணி வெளிய போற ரெண்டு ஓட்டையிலயும். உருக்கி ஊத்தி, நகத்தால வழிச்சு விட்டிருக்கிய. பிசிறே இல்ல. இசக்கிக்கு இந்தக் கை வராது.

வல்லிநாயகம்: கேலி பண்ணாதிய. எனக்கே கேவலமா இருக்கு.

ஜெயபிரியா: கேலி பண்ணலை.

வல்லிநாயகம்: மொதத் தடவை நெசமாவே சிமிண்டுத் துகள் அடைச்சிருந்துச்சு. நீங்க வந்திய. ஒரு மணி நேரம் இங்கன இருந்திய. இசக்கியைத் திட்டினிய, சிரிச்சிய, ரெண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடிச்சிய. நீங்க போன பொறவு மூணு நாள் நல்ல மழை. ஒரு சொட்டு உள்ள வரலை. உங்களைக் கூப்பிட எனக்கு ஒரு காரணம் இல்ல... நாற்பத்தஞ்சு வயசு ஆளு, இந்தத் தரையில மெழுகுவர்த்தியைப் பொருத்திக்கிட்டு உட்கார்ந்தேன்.

ஜெயபிரியா: முத்துச்செல்வம் வந்து நின்னப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. இன்னைக்கு ஓட்டை அடைச்சிருக்கு, ஜன்னல் மேல குத்தம் இல்லன்னு.

வல்லிநாயகம்: வாய் வரலை. இப்பப் போயி சொல்லிருதேன். நான்தான் அடைச்சேன்னு சொல்லுதேன்.

ஜெயபிரியா: ஏன் அடைச்சியன்னு கேப்பாரே. அவளைப் பார்க்கணும்னு அடைச்சேன்னு சொல்லுவியளா? மேஸ்திரிமாருக ஜன்னலை விட்டுருவாங்க, என்னைப் பிடிச்சுக்கிடுவாங்க. பொறவு எந்தச் சைட்டுல நான் ஏணியில ஏற?

வல்லிநாயகம்: அப்ப உங்க பேரை எப்படித்தான் மீட்க?

ஜெயபிரியா: கடையிலருந்து நேரா லாட்ஜுக்குத்தான் போனேன். மேக்க பார்த்த மூலை ரூம், கணவாய்க் காத்து மூஞ்சில அடிக்குத இடம். அதுல ஒரு ஜன்னல் என் செலவுல மாட்டுதேன், சீசன் முடியிறதுக்குள்ள ஒரு சொட்டு உள்ள வந்தா நானே கழட்டிக்கிட்டுப் போயிருதேன்னு சொன்னேன்.

வல்லிநாயகம்: என்ன சொன்னாரு?

ஜெயபிரியா: பார்ப்போம்னாரு. மாட்டினா என் பேர்லதான் மாட்டுவேன்னும் சொல்லிட்டு வந்தேன். அதுக்கும் பார்ப்போம்னாரு.

வல்லிநாயகம்: லாட்ஜு போகட்டும். போர்டு போகட்டும். நான் கேட்டது அது இல்ல, ஜெயா... இந்த நாற்காலியில உட்காரதுக்குத்தான் கேக்கேன். இனிமே மெழுகு இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்களா வாரியளா?

ஜெயபிரியா: அந்தத் துணியைத் தாங்க, ஊசியில மெழுகு ஒட்டியிருக்கு.

வல்லிநாயகம்: சரி, இதையாவது சொல்லுங்க. உங்களுக்கு எப்பத் தெரியும்? பாய் சொன்ன பொறவுதான?

ஜெயபிரியா: ரெண்டாவது தடவையே தெரியும். தண்ணி எங்கன நிக்குன்னு பார்க்கதே பொழப்பா இருந்தவளுக்குத் தெரியாதா? மெழுகை எடுத்துப் போட்டுட்டு, நோட்டுல 'தூசி அடைப்பு'ன்னு எழுதினேன். மூணு தடவை அப்படித்தான் எழுதினேன். நீங்க எப்பக் கூப்பிடுவியன்னு மழையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். முத்துச்செல்வம் பார்த்த தண்ணியில என் பங்கும் கெடக்கு... அந்தா, மேகம் விலகுது. அருவி தெரியுது. அளவு சரியாத்தான் எடுத்திருக்கேன். இந்தக் கொண்டை ஊசி கட்டை மேலயே இருக்கட்டும். மெழுகு வைக்காட்டாலும் தூசி சேரும், மாசம் ஒருக்க நீங்களே குத்தி விட்டுக்கிடுங்க. அதுக்கு ஆளு வர வேண்டாம்... போயிட்டு வாரேன், அண்ணாச்சி.