நிறுத்தி வைத்த நகல்

"ஹலோ... ஆமா, நான்தான். சர்வர் ரூம்தான். ... என்ன, அண்ணியா? அண்ணின்னு கூப்பிட்டா உருகிடுவேன்னு நினைச்சியா? இது ஆஸ்பத்திரி போன், தம்பி. இங்க நான் சர்வர் அதிகாரி, நீ கிளை ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்காரன். அவ்வளவுதான் உறவு."

கணவனின் தம்பியோடு அவள் இப்படிப் பேசுவது முதல் தடவையல்ல. ஆனால் இன்றைக்கு நியாயமும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. கேட்கவா வேண்டும்?

"முதல்ல அதைச் சொல்லு. பாட்டில் எல்லாம் திரும்பி வந்துடுச்சா? ... பதினொண்ணுமா? ... யாரும் ஒரு வாய்கூடக் குடிக்கலையே? ... சரி, சரி. அப்பாடா. ... அதுக்காக நீ தப்பிச்சிட்டேன்னு நினைக்காத! காலையில எட்டு பத்துக்கு இங்க அந்த இருமல் மருந்தைக் கொடுக்கக்கூடாதுன்னு சிவப்புல போட்டாச்சு. உன் கவுண்டர்ல இப்ப வரைக்கும் நல்ல மருந்துன்னுதான் காட்டுது. மத்தியானம் ஒரு மணி வரைக்கும் குழந்தைங்களுக்குத் தூக்கித் தூக்கிக் கொடுத்திருக்காங்க!"

...

"என் சர்வர்லேர்ந்து வர்ற நகல் காப்பி வரலையா? அதைத்தானே ஆறு மாசமா தொண்டை கிழியக் கத்துறேன்! காப்பின்னா காப்பிதான். இங்க மாறினது அங்க வந்து சேர்ற வரைக்கும் நீ பழசைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப. என் சர்வருக்கே நேரா வந்து பாத்துக்கோ, எதுக்கு ரெண்டு இடத்துல வச்சுக்கணும்னு கேட்டேன். காதுல வாங்கினியா?"

...

"ஆரம்பிச்சிட்டியா? லைன் போகும், லைன் போகும்... இதே பாட்டு. ... தெரியும்டா, ஒரு நாளைக்கு மூணு தடவை போகும். ... ஆமா. ஆமா. லைன் போனா திரையில ஒண்ணும் தெரியாது, வரிசை வாசலுக்கு வெளிய போகும். எல்லாம் கேட்டாச்சு. கமிட்டியில நீ அழுத அழுகைக்குத்தானே காப்பியே போதும்னு விட்டாங்க. இப்ப என்ன ஆச்சு?"

மேசைமேல் இரண்டு பக்க அறிக்கை தயாராக இருந்தது. மூன்று மணிக்குக் கமிட்டி. நகல் முறையை நிறுத்த வேண்டும், கிளையிலிருந்து எல்லோரும் நேராக இங்கேயே வந்து பார்க்க வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம். கடைசி வரியில், கிளைக் கம்ப்யூட்டர்காரனை வேலையைவிட்டு எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தாள். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான். அந்த எரிச்சலும் அந்த வரியில் இருந்தது.

"ஆமா, எழுதிட்டேன். ... ஆமா, உன்னை எடுக்கச் சொல்லித்தான். ... போய்ச் சொல்லு. உங்க அண்ணன்கிட்ட சொல்லு, அத்தைகிட்ட சொல்லி மூக்கைச் சிந்து. எனக்கென்ன பயமா? ... என்னது? ... என்ன கேட்டே இப்போ? இங்க நான் காப்பியை நிறுத்தி வச்சிருக்கேனான்னா? டேய்! என்கிட்டயே கேக்கிறியா?"

தினமும் காலை ஆறு மணிக்கு எல்லா விவரமும் பாதுகாப்புக்காக டேப்பில் ஏறும். அலமாரி உயரத்தில் நிற்கும் அந்த நடுத்தர சர்வர் இரண்டு வேலையையும் ஒன்றாகத் தாங்காது. அதனால் டேப் ஓடும் வரை கிளைக்கு நகல் அனுப்புவதை நிறுத்தி வைப்பாள். டேப் முடிந்ததும் விடுவாள். நிறுத்திய நேரம், விட்ட நேரம், இரண்டையும் சிவப்பு அட்டை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். வேறு யாரையும் அதைத் தொட விட்டதில்லை.

"பத்து வருஷமா ஒரு நாள் தவறினதில்ல, தெரியுமா? ... சரி, உன் வாயை அடைக்கவாவது பாத்துத் தொலைக்கிறேன். இரு. ... கத்தாத, நோட்டைத்தான் எடுக்கிறேன்."

இன்றைய வரி. நிறுத்தியது: 6.05. கீழே அவள் கையெழுத்து. விட்டது என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.

திரையைப் பார்த்தாள். அனுப்பக் காத்திருப்பவை: 4,318.

ஆறு நாற்பதுக்குக் கமிட்டித் தலைவர் போன் செய்திருந்தார். நகல் முறைக்கு எதிராக என்னென்ன உண்டோ எழுதிக்கொண்டு வா என்றார். அவள் பக்கத்து அறைக்குப் போய் ஒரு மணி நேரம் ஆசை ஆசையாக எழுதினாள். டேப் அதுபாட்டுக்கு முடிந்திருக்கிறது.

"ஹலோ... இருக்கேன். ... இல்ல, ஒண்ணுமில்ல. ... நோட்டா? தேடிக்கிட்டு இருக்கேன்."

வெட்கத்தில் காது சுட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு விசையைத் தட்டினாள். எண் இறங்கியது. இரண்டாயிரம், அறுநூறு, நாற்பது, பூஜ்யம்.

"... என்ன? ... வந்துடுச்சா? ... சிவப்பாயிடுச்சா? ... இல்ல, தானா வரல. ... டேய், குறுக்க பேசாத! எனக்கு நன்றியெல்லாம் சொல்லாத, கேளு. வாயை மூடிக்கிட்டுக் கேளுடா. காலையில... தம்பி, அந்தக் காப்பியை நிறுத்தி வச்சது... ஹலோ? நான்தான். ... ஹலோ? கேட்டுச்சா? ... ஹலோ?"

லைன் போயிருந்தது. கிளைக்குப் போனும் கம்ப்யூட்டரும் அதே லைனில்தான்.

எதுவரை கேட்டானோ தெரியாது. நேராக இங்கே வந்து பார்க்கிற ஏற்பாடாக இருந்தால் இந்நேரம் அவன் திரையும் போயிருக்கும். நகல் இருந்ததால் அந்த மருந்து அங்கே சிவப்பாகவே நிற்கும், வரிசையும் நகரும். அவன் ஆறு மாதமாகக் கத்தியது இதைத்தான்.

பேனாவை எடுத்தாள். 6.50 என்று எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை. அந்த நோட்டை அவளைத் தவிர யாரும் திறந்ததுகூடக் கிடையாது. பேனா கட்டத்தின்மேல் கொஞ்ச நேரம் நின்றது.

2.38 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அறிக்கையின் கடைசி வரியை அடித்துவிட்டு, நோட்டையும் எடுத்துக்கொண்டு கமிட்டிக்குக் கிளம்பினாள்.