எர்த் ஒயரு

— கைய எடு தீனா! ப்ளக்க புடுங்கிட்டா இன்னா? இது பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரு. உள்ள கரண்டு நிக்கும், ஆளையே தூக்கிடும்.

— இன்னா பூவராகண்ணா, பேஜாரு பண்ற? புடுங்கி அஞ்சு நிமிசம் ஆவுது.

— கும்மிடிப்பூண்டி கம்பெனில வெல்டிங் அடிக்கறவன் பேசற பேச்சா இது? இரு... உள்ள நின்ன கரண்ட எறக்கிட்டேன். இப்ப பாரு. ட்ரான்ஸ்ஃபார்மர் மேல நாலு நம்பரு. மொத ரெண்டு வருஷம், அடுத்த ரெண்டு வாரம். ஏழு மூணு, ஒன்னு நாலு.

— எழுபத்திமூணா! ஸ்பீக்கரு?

— அதுவும் எழுபத்திமூணு தான் நைனா. மேல ரெக்ஸின் மட்டும் மாத்திகிறாங்க. கிட்டாருக்குன்னே செஞ்ச ஆம்ப்ளிஃபயரு. எங்க புடிச்ச?

— புதுவாயல்ல, ஆரோக்கியமேரின்னு ஒரு அம்மா ஊட்ல. துட்டு வாணாம்னுடுச்சு. உள்ள எது எப்ப மாத்தனது, எதுனா கோளாறு இருந்திச்சான்னு மட்டும் பாத்து சொல்லுன்னுச்சு. அது ஊட்டுக்காரரு மோகன்ராஜ் வாசிச்சதாம்... இன்னாண்ணா, ஸ்க்ரூட்ரைவர கீழ போட்ட?

— ஒன்னுமில்ல. கை வழுக்கிச்சி.

— எம்பத்திநாலு கிறிஸ்மஸ் கச்சேரிண்ணா. கிட்டாரு கையில, மைக்ல வாய வெச்சாரு, அப்டியே கரண்டு புடிச்சிக்கிச்சாம். ஈரக் கையோட ப்ளக் சொருவனது அந்தம்மா. நாந்தான் கொன்னுட்டேன்னு இன்னிக்கும் சொல்லிக்கினு கீது.

— மூடிடலாம் தீனா. எழுபத்திமூணுன்னு போய் சொல்லிடு.

— இரு. இந்த பவர் ஒயர்ல எம்பத்திநாலுன்னு அடிச்சிகிது. மூணு ஒயர்ல பச்சைய எவனோ வெட்டி வுட்டுகிறான். பச்சை எர்த்து தானண்ணா?

— ஸ்பீக்கர்ல உறுமல் வந்தா அப்பல்லாம் எர்த்த வெட்டுவாங்க. சத்தம் நின்னுடும்.

— வெட்டன எடத்துல செவப்பு நெயில் பாலிஷ் பொட்டு கீது. உன் ஷெல்ஃபுல, நீ ரிப்பேரு பாத்த செட்டுல எல்லாம் இதே பொட்டு வெச்சிகிறியே?

— அப்ப எனக்கு பத்தொம்போது வயசு நைனா. கச்சேரிக்கு மொத நாளு. உறுமுது, நிறுத்திக் குடுடான்னாரு மோகன்ராஜ் அண்ணன். நிறுத்திக் குடுத்தேன். இப்பவும் எந்த செட்டு உறுமுனாலும் அவரு கொரலு தான் கேக்குது. பயமா கீது.

— அந்தம்மா என் கூடவே வந்து, வெளிய ஆட்டோல குந்திகினு கீது.

— உள்ள கூட்டினு வா.

— நம்ம பூவராகனா? ஆண்டவரே, தல எல்லாம் நரைச்சிப் போச்சே! சொல்லுப்பா. என் ஈரக் கையில தான அவரு போனாரு?

— இல்லக்கா. ஈரத்துக்கும் அதுக்கும் சம்மந்தமில்ல. செட்டு உள்ள கரண்டு லீக்கு இருந்திச்சி. எர்த்து இருந்திருந்தா ஃப்யூஸ் போயிருக்கும், அவரு பொழைச்சிருப்பாரு. எர்த்த வெட்டனது நானு.

— அன்னிக்கே தெரியுமா உனக்கு?

— மேடைலேர்ந்து பொணத்த எறக்கும்போதே தெரியும்க்கா.

— அப்ப நாப்பது வருஷமா நான் ஏன்யா என் ஊட்ல ஒரு சுவிட்ச கூட தொடல?