ஞானப்பூ சொல்லாத வரி

வெகுகாலத்துக்கு முன்னே, தேரி என்னும் செம்மணல் மேட்டைத் தாண்டி வண்டிப்பாதைகூட இல்லாத நாளிலே, உடைவிளை என்னும் நம் ஊரிலே ஞானப்பூ என்றொரு விதவை இருந்தாள் என்று சொல்லுவார்கள். கேளுங்கள். அவளுக்கு நிலம் இல்லை, நகை இல்லை. குரல் இருந்தது. வேதக்கோயிலிலே அவள் கீர்த்தனை எடுத்தால், பனை உச்சியில் பாளை சீவுகிறவனும் கையை நிறுத்திக் கேட்பானாம். அத்தனை பெரிய குரல் என்பார்கள்.

அவளுக்கு ஒரே மகள், ராகேல். அவளை மேற்கே ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஞானப்பூவின் அண்ணன் மாசிலாமணி இந்தச் சபைக்கு மூப்பர். நீதியுள்ள மனுஷர், கடுமையான மனுஷர். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

அந்த வருஷம் வாந்திபேதி வந்தது. மேற்கே ஊர் ஊராகச் செத்துப்போனார்கள் என்பார்கள். மாசிலாமணி மூப்பர் என்ன செய்தார்? ஊருக்குள் வரும் வழிகளையெல்லாம் உடைமரத்து முள்ளை வெட்டிப்போட்டு அடைத்தார். "உள்ளே இருக்கவன் வெளியே போகப்படாது, வெளியே இருக்கவன் உள்ளே வரப்படாது. என் சொந்த ரத்தமா இருந்தாலும் சரி" என்றார். ஊரும் சரி என்றது. ஞானப்பூவும் சரி என்றுதான் சொன்னாள். அதை மறந்துவிடக் கூடாது.

பின்பு சபையார் எல்லாரும் உபவாசம் இருந்து ஜெபிக்கக் கூடினார்கள். ஓலைக் கோயில், மண்சுவர், உச்சி வெயில். முள்ளுக்குக் காவலாக நின்றவன் சுவாமியடியான் என்ற இளந்தாரி. அவன் ஓடிவந்து வாசலில் நின்ற மூப்பரின் காதிலே சொன்னான்:

"மூப்பரே, ராகேல் அக்கா வந்து நிக்கா. இடுப்பிலே பிள்ளை இருக்கு. ஒரு சொம்பு தண்ணி கேக்கா. 'யம்மா, யம்மா'ன்னு கூப்பிடுதா."

மூப்பரின் முகம் கறுத்தது. "அவ வந்தது பேதி விழுந்த ஊரிலேயிருந்து. அவளுக்குத் திறந்தா நாளைக்கு இன்னொருத்தன் மக வருவா. போ லே, போய் நில்லு. பக்கத்திலே போயிராதே."

அந்நேரம் காற்று திரும்பியது. கூப்பிடும் சத்தம் கோயில் வாசல்வரை வந்தது. மூப்பர் உள்ளே நுழைந்து கையை உயர்த்தினார். "பாடுங்க! ஆண்டவர் காதிலே விழும்படியாப் பாடுங்க! ஏ ஞானப்பூ, நீ எடு. உரக்க எடு!"

ஞானப்பூ எடுத்தாள். முன்வரிசையில் நின்று, கண்ணை மூடி, ஊர் பிழைக்கவேண்டும் என்று, மேற்கேயிருக்கும் தன் மகள் பிழைக்கவேண்டும் என்று, தொண்டை கிழியப் பாடினாள். ஒரு கீர்த்தனை முடியுமுன்னே மூப்பர் அடுத்ததை எடுக்கச் சொன்னார். அது முடியுமுன்னே இன்னொன்று எடுக்கச் சொன்னார். பாடி முடித்தபோது வெளியே சத்தம் இல்லை.

மறுநாள் காலையிலே முள்ளுக்கு அப்பால், ஒரு உடைமரத்தின் அடியிலே ராகேல் கிடந்தாள். பிள்ளைமேல் வெயில் படாதபடி தன் முந்தானையைக் கிளையிலே கட்டியிருந்தாள். பேதியின் அடையாளம் அவள் சீலையில் இல்லை. தாகமும் வெயிலுமே அவளைக் கொன்றன. பிள்ளைக்கு உயிர் இருந்தது. ஞானப்பூ முள்ளைக் கையாலேயே விலக்கி வெளியே போனாள். மகளை அங்கேயே அடக்கம்பண்ணி, பேதிக்காலம் கழியும்வரை பிள்ளையோடு அந்த மரத்தடியிலேயே குடிசை போட்டு இருந்தாள். அந்தப் பிள்ளையின் வழியிலே வந்தவர்கள்தாம் நாங்கள்.

உடைவிளைக்குள் ஒருவரும் பேதியால் சாகவில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

நடந்ததைச் சுவாமியடியானே ஒருநாள் அவளிடம் அழுதுகொண்டு சொல்லிவிட்டான். அவள் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, நீ வழியை அடைச்சே. அதைக் குத்தம் சொல்லமாட்டேன், நானும்தான் சரின்னேன். ஆனா என் பிள்ளை என்னைக் கூப்பிட்ட சத்தத்தை என் வாயை வெச்சே அமுக்கினியே. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

மூப்பர் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சபையார் கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னார்கள். தினமும் நாம் சொல்லுகிற ஜெபந்தான். பிறர் நமக்குச் செய்த பிழையை நாம் மன்னித்ததுபோல நம் பிழையையும் மன்னிக்கும்படி பிதாவை வேண்டுகிற வரி வந்தது. ஞானப்பூவின் வாய் மூடிக்கொண்டது. அந்தக் குரல் இல்லாமல் சபையின் சத்தம் பாதியாய்ப் போயிற்றாம். மறுவாரமும் அப்படியே. அதற்கு மறுவாரமும் அப்படியே.

ஆராதனை நடத்துகிற உபதேசியார் வேதமாணிக்கம் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏம்மா, அந்த ஒரு வரியை மட்டும் ஏன் விட்டுடுத?"

"சொன்னாப் பொய்யாயிரும், ஐயா. கோயில்லே நின்னு பொய் சொல்லலாமா?"

"மன்னிக்காதவளுக்கு நற்கருணை கொடுக்கச் சொல்ல எனக்கு உத்தரவில்லை, தாயே."

"கொடுக்காண்டாம். எனக்கு அது புரியுது."

ஊர் சிரித்தது. "கெழவி ஆண்டவர்கிட்டயே பேரம் பேசுதா" என்றார்கள். சிரித்தவர்கள் அந்த வரியைத் தடங்கலில்லாமல் சொன்னார்கள், பீடத்தண்டை போய் நற்கருணை அப்பமும் வாங்கினார்கள். வருஷங்கள் போயின. அவள் பீடத்தண்டை போகவில்லை.

மூப்பர் மூத்துப் படுக்கையில் விழுந்தார். மருமக்கள் முகம் சுளித்தார்கள். கஞ்சி கொண்டுபோனவள் யார்? ஞானப்பூ. உடம்பைத் துடைத்தவள் யார்? ஞானப்பூ. ஒருநாள் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஊரைக் காப்பாத்தினேனா இல்லையா, சொல்லு."

"காப்பாத்தினே. எப்போ நான் இல்லேன்னேன்?"

"அப்போ அந்த வரியை ஒருதரம் என் காது கேக்கச் சொல்லேன் தாயி. பயமா இருக்கு."

ஞானப்பூ வாயைத் திறந்தாள். பின்பு தலையை அசைத்தாள். "வரலை அண்ணே. வராததைச் சொல்லி உன்னை ஏமாத்தி அனுப்பவா? இந்தா, கஞ்சியைக் குடி."

அந்த வாரத்திலேயே அவர் செத்துப்போனார்.

பெட்டியைக் கோயிலுக்குள் வைத்தார்கள். ஆராதனை நடந்தது. ஜெபத்தில் அந்த வரி வந்தது. அன்றைக்கு உபதேசியாரே நிறுத்திவிட்டார். சபையும் நின்றது. எல்லாக் கண்ணும் ஞானப்பூவின்மேல். இப்போதாவது சொல்லுவாளா? அவள் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். ஓலையிலே காற்று உரசுவது கேட்டதாம்.

அப்போது அவளுக்குப் பக்கத்திலே எப்போதும் நிற்கிற அன்னபாக்கியம் என்பவள் பேசினாள்.

"அக்கா, அன்னைக்கு எனக்கும் கேட்டுது. ராகேல் கூப்பிட்டது எனக்கும் கேட்டுது. நீ பாட்டை நிறுத்தினா உனக்குக் கேட்டிருமேன்னு நானும் சேர்ந்து கத்தினேன்."

பின்னால் ஒரு ஆண்குரல்: "எனக்கும் கேட்டுது, சித்தி."

இன்னொருவர்: "எனக்கும்."

ஒவ்வொருவராய்ச் சொன்னார்கள். முன்வரிசையில் தன் குரலுக்குள்ளேயே நின்ற ஞானப்பூ ஒருத்திக்குத்தான் கேட்கவில்லை. மற்ற எல்லாருக்கும் கேட்டிருந்தது. எல்லாரும் கேட்டுக்கொண்டே பாடியிருந்தார்கள். எல்லாரும் வருஷக்கணக்காய் அந்த வரியை வழுவழுவென்று சொல்லியிருந்தார்கள். மாசிலாமணியோ படுக்கையிலும் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஞானப்பூ பெட்டியண்டை போய் முழங்காலிட்டாள். "இத்தனை பேரையும் விட்டுட்டு உன் ஒருத்தனைப் பிடிச்சுவெச்சேனே, அண்ணே. நீயும் சும்மா இருந்தியே." அப்படிச் சொல்லி, அந்த வரியைத் தனியே, மெதுவாய், முழுவதும் சொன்னாள். பெட்டிக்குள் இருந்தவர் அதைக் கேட்கும் காலம் கடந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு அவள் கீர்த்தனை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இதனாலே உண்டானது நம் சபையின் வழக்கம். கர்த்தருடைய ஜெபத்தில் அந்த வரிக்கு முன்னே உடைவிளைச் சபை நின்றுவிடும். மன்னிக்க முடியாதவர் அந்த வரியைச் சொல்லாமல் இருக்கலாம். அவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பிழை செய்தவர் இருந்தால், அந்த நேரத்தில் வாய்விட்டுச் சொல்லலாம். உயிரோடிருக்கும்போதே சொல்லட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

சபைக்குப் புதிதாய் வருகிற குருமார் நாம் ஜெபத்தை மறந்துவிட்டோம் என்று எண்ணி அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பதுண்டு. நாம் அதை வாங்கிக்கொள்வதில்லை, நிற்கிறோம். இப்போது கோயிலுக்கு ஒலிபெருக்கி இருக்கிறது. காலைதோறும் கைப்பேசியில் வசனம் அனுப்புகிறோம். அனுப்புகிறவனும் பெறுகிறவனும் ஒரே தகப்பனுக்குப் பிறந்து, இடையில் சுவர் எழுப்பி, ஒருவன் வீட்டுச் சாவுக்கு மற்றவன் போகாதவர்கள். ஞாயிறுதோறும் அவர்களும் வந்து, ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் நிற்கிறார்கள். அந்த வரி வருகிறது. சபை நிற்கிறது. மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம் கேட்கிறது. யாராவது ஒருவர் பேசமாட்டாரா என்று காத்திருக்கிறோம். பல வருஷங்களாய் ஒருவரும் பேசவில்லை.