2317ஆம் எண்ணுக்கு மட்டும்

ஜிஸ்மி, நீ கேட்டது நல்ல கேள்வி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் சர்வர் ஃபைலை வரி வரியாகப் படித்துவிட்டாய். "எல்லா நம்பருக்கும் ஒரே விதிதான். இந்த ஒரு நம்பருக்கு மட்டும் தனியா ஒரு வரி ஏண்ணே கெடக்கு?" என்றாய். மூணாற்றுப் பெண்கள் கெட்டிக்காரிகள்தான். டீ குடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சொல்கிறேன்.

வரன் பார்க்கும் தளம் நம்முடையது. ஒவ்வொரு பெண்ணின் முகவரியிலும் கேள்விக்குறிக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். மூன்று வருடம் முன்பு எல்லாப் பக்கங்களையும் பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான முகவரிக்கு மாற்றினோம். யாராவது பழைய முகவரியில் வந்தால், சர்வர் அந்த எண்ணைப் பார்த்து அதே பெண்ணின் புதிய பக்கத்துக்கு அனுப்பிவைக்கும். 2317 என்று வந்தால் மட்டும், எந்த முகவரியில் வந்தாலும், வேறு பக்கத்துக்கு அனுப்பும். அங்கும் பூட்டுப் படம் உண்டு. 'இவருக்கு நிச்சயமாகிவிட்டது, வாழ்த்துகள்' என்று எழுதியிருக்கும். பெண் வீட்டார் தங்கள் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தால் மட்டும் எல்லாம் ஒழுங்காகத் தெரியும்.

2317 என்பது மௌனிகா, பெருமாட்டி ஊர்ச் சின்னையனின் மகள். அவளுக்கு நிச்சயம் ஆகவில்லை.

அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. என் தங்கை செல்வப்பிரியாவின் நிச்சயதார்த்தத்தில் அவள் தலையில் பூ வைத்துவிட்டதே, அப்போது படித்துக்கொண்டிருந்த மௌனிகாதான். மாப்பிள்ளை, மௌனிகாவின் அண்ணன் ஆனந்தகுமார். முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, "எனக்கு இஷ்டமில்லீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். பொள்ளாச்சியில் எடுத்த பட்டுச்சேலை பிரிக்காமல் கிடந்தது. எங்கள் அப்பா பால் சொசைட்டிப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். அடுத்த ஆடிக்குள் போய்ச் சேர்ந்தார். அந்தக் கணக்கை ஆனந்தகுமார் பேரில் எழுதிவைத்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாது. கல்யாண வயதில் தங்கையை வீட்டில் வைத்துக்கொண்டு அண்ணன் தாலி கட்ட மாட்டான். மௌனிகா படிப்பு முடித்து நம் தளத்தில் பதிந்ததும், ஆனந்தகுமாரின் கல்யாணத்தைத் தடுக்க எனக்கு வழி தெரிந்துவிட்டது. நிச்சயமான பெண்ணைப் பற்றி விசாரிப்பது மரியாதை இல்லை, அதனால் பையன் வீட்டார் ஒருவரும் போன் செய்ய மாட்டார்கள். ஏன் வரவில்லை என்று பெண் வீட்டாரும் போய்க் கேட்க முடியாது. இரண்டு பக்கத்து மரியாதையும் எனக்காக வேலை செய்தது. இதுவரை முந்நூற்றுப் பதினொரு குடும்பங்கள் அந்தப் பக்கம் வந்து திரும்பியிருக்கின்றன.

சின்னையன் மாதம் ஒருமுறை ஆபீசுக்குப் போன் செய்வார். என் குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "ஏனுங்க தம்பி, ஒரு வரனும் வர மாட்டீங்குதுங்களே. போட்டோவ மாத்திப் பாக்கலாமுங்களா?" என்பார். மாற்றிக் கொடுத்தேன், நான்கு முறை. நல்ல வெளிச்சமுள்ள படமாகப் பார்த்து நானேதான் தேர்ந்தெடுத்தேன்.

போன தீபாவளிக்குத் தங்கை ஊட்டுக்காரரோடும் குழந்தையோடும் கஞ்சிக்கோட்டிலிருந்து வந்திருந்தாள். பேச்சுவாக்கில் ஆனந்தகுமார் பேர் வந்தது. "அவர வையாதீங்கண்ணா. அன்னைக்கு வேண்டாம்னு அழுதது நாந்தான். இவர நெனச்சுட்டிருந்தேன், அப்பாகிட்டச் சொல்லப் பயம். அவருதான் பழியத் தன் தலையில போட்டுக்கிட்டாரு" என்றாள்.

இதைக் கேட்டதும் என் கோபம் தணிந்திருக்கும் என்று நினைப்பாய். கூடத்தான் செய்தது. எங்கள் வீட்டு மானத்தைக் காப்பாற்ற அவன் யார்? மறுநாள் ஃபைலைத் திறந்து அந்த வரியைப் பார்த்தேன். முகூர்த்த மாதங்களில் தளத்துக்குக் கூட்டம் அதிகம், அப்போது சர்வரில் கை வைக்கக் கூடாது என்பது உனக்கும் தெரியும். மூடிவிட்டேன்.

நேற்றுச் சின்னையன் கூப்பிட்டார். "புள்ள இனிக் கண்ணாலமே வேண்டாங்குதுங்க. தனக்கு ஏதோ கொறைன்னு மனசுல போட்டுக்கிட்டு ரூம்ப உட்டே வெளிய வாறதில்லீங்க. அவ பேர எடுத்துப்போடுங்க தம்பி. இத்தன நாளும் நீங்கதான் பொறுமையா பதில் சொன்னீங்க" என்றார். எடுத்துவிட்டேன் என்றேன், எடுத்தும்விட்டேன்.

ஆகவே, ஜிஸ்மி, அந்த வரியை நீ தாராளமாக அழிக்கலாம். அதனால் இனி யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை.