இரவல் மாடு

“வூடு பாக்காத மாப்பிள்ளைக்காடி கம்மல அடகு வெக்கப் போற?”

வேலை தேடி நான் சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போன பேருந்தில், முன் இருக்கைப் பெண் தன் தங்கையைக் கேட்டாள். தங்கைக்கு நாற்பது வயதிருக்கும். காது வெறுமையாக இருந்தது.

“போன்ல பழகுனவரு அக்கா. கப்பல்ல இஞ்சினீயரு. எனக்கு அனுப்புன நகைப் பார்சல் ஏர்போட்டுல மாட்டிக்கினு இருக்குதாம். பணம் கட்டினா வந்துடும். அப்பால கண்ணாலம்.”

“மூஞ்சியக் காட்டினானா?”

“கப்பல்ல வீடியோ வராதாம்.”

“செத்துப்போன உன் வூட்டுக்காரரு வூட்ட நம்ம ஆளுங்க கண்ணாலத்துக்கு முன்னால பாக்கப் போனப்ப, ரெண்டு கறவ மாடு கட்டியிருந்துச்சே, நெனப்பு இருக்குதா?”

தங்கை சிரித்துவிட்டாள். “கண்ணாலம் முடிஞ்ச மறுநாளே பக்கத்து வூட்டுக்காரரு ஓட்டிக்கினு போய்ட்டாரு. ‘உன்னக் கட்டிக்கத்தான் இரவல் வாங்கினேன்’னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஆஸ்பத்திரியில படுத்துக்கினுகூட அதச் சொல்லிச் சிரிச்சாரு.”

“இவன் வூட்டையும் பாக்க வரலாமான்னு கேளு.”

கேட்டு அனுப்பினாள். சற்று நேரத்தில் பதில் வந்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினாள்.

“‘மொதல்ல பணத்தப் போடு, இன்னிக்கே போடு’ன்றான்.”

போனை மடியில் கவிழ்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கம்மலை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

“இவங்கிட்ட இரவல் மாடுகூட இல்லக்கா.”