அந்த அம்மாளின் நீலமும் என் பொறாமையும்

தளர்ந்த வயதிலும் தளராத குரலோடு இந்த மாலைக்குத் தலைமை தாங்கும் இரும்புலியூர் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஸ்ரீநிவாசராகவன் அவர்களே, நம் நாவையும் நம் நோயையும் ஒருசேரக் காவல் காத்துவரும் மருத்துவர் அபிதகுஜாம்பாள் அவர்களே, இட்லியை எண்ணிச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கும் சர்க்கரை நோயாளிப் பெரியோர்களே, அந்த இட்லியை எண்ணி வைத்த தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் பள்ளித் தமிழாசிரியன் தட்சிணாமூர்த்தியின் பணிவான வணக்கம்.

நீரிழிவைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் பொறாமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். யார் மீது பொறாமை? பெரும்புலவர் மீதா? பேராசிரியர் மீதா? இல்லை. பெருங்களத்தூரில் மாவு மில் நடத்தும் கங்கையம்மாள் மீது. அதோ, முன்வரிசையில் ஓரமாக அமர்ந்திருக்கிறார். எல்லோரும் ஒரேயடியாகப் பார்க்காதீர்கள், அவருக்குக் கூச்சம்.

எண்பத்தாறாம் ஆண்டு, ஒரே மாதத்தில்தான் எங்கள் இருவருக்கும் நோய் தெரிந்தது. மாதந்தோறும் இரண்டாவது வெள்ளிக்கிழமை தாம்பரத்தில் இதோ மேடையில் இருக்கும் டாக்டர் அம்மாவின் கிளினிக்கில் வரிசையில் உட்காருவோம். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, நம் சிறுநீரில் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவார்கள். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், மிகுந்தால் செங்கல் நிறம். அந்தக் குழாய்களை ஜன்னலோரம் நிறுத்திவைப்பார்கள். கங்கையம்மாளின் குழாயில் மயில் கழுத்து நீலம். என் குழாயில் செங்கல் சூளை.

கட்டைவிரலை நீட்டிக் கைநாட்டு வைப்பவருக்கு நீலம், புலவர் பட்டம் வாங்கியவனுக்குச் செங்கல். "எல்லாரும் கங்கையம்மா மாதிரி இருக்கணும்" என்பார் டாக்டர் அம்மா. அந்தச் சொல் என் நெஞ்சில் நெருஞ்சியாய்த் தைக்கும். வீட்டுக்குப் போனாலும் தைக்கும், வகுப்பறையில் யாப்பு நடத்தும்போதும் தைக்கும்.

அந்த அம்மாள் செய்ததெல்லாம் ஒன்றுதான். கேட்பார். கேட்டுக்கொண்டே இருப்பார்.

"கேவுறு நல்லதுன்றாங்களே டாக்டரம்மா, எத்தினி உருண்டை துன்லாம்? மாத்திரைய அதிகமா போட்டுக்கினா இன்னா ஆவும்?"

நான் பக்கத்தில் இருந்து உள்ளூரச் சிரிப்பேன். என் முறை வந்தால், "புரிந்தது டாக்டர்" என்று எழுந்துவிடுவேன். என்ன புரிந்தது? கேழ்வரகு நல்லது என்று கேள்விப்பட்டு, மூன்று வேளையும் வயிறு முட்டக் களி தின்றவன் நான். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களில் பாதிப் பேர் நேற்றும் அதைத்தான் செய்தீர்கள்.

இந்த ஆண்டு போகிப் பண்டிகை இரண்டாவது வெள்ளியில் வந்தது. அன்று எப்படியும் நீலம் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முந்தின இரவுச் சாப்பாட்டை விட்டேன். காலையில் பச்சைத் தண்ணீர் மட்டும். வழக்கமாக ஒரு மாத்திரை, அன்று... யாரோ 'ரெண்டா' என்கிறார். மூன்று ஐயா, மூன்று.

பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஊருக்குப் போகும் கூட்டம் அலைமோதியது. என் கை நடுங்கியது. சட்டை நனைந்தது. மேடையில் ஒரு மணி நேரம் தடுமாறாத நாக்கு, கண்டக்டரிடம் 'தாம்பரம்' என்று சொல்லத் தடுமாறியது. "காலங்காத்தாலயே ஊத்திகினு வந்துட்டாரு" என்று ஒருவர் ஒதுங்கினார். தண்டவாளம் போல நேராக வாழ்ந்தவன், குடிகாரன் என்று பெயர் வாங்கித் தரையில் உட்கார்ந்தேன்.

அதே பஸ்ஸுக்கு வந்த கங்கையம்மாள் என் முன்னால் குனிந்தார்.

"இன்னா வாத்யாரே, இப்பிடி வேர்த்து கெடக்குது? காலைல இன்னா துன்னீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"மாத்திரை?"

"மூணு."

டீக்கடைக்கு ஓடினார். தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப்போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தார். நான் தம்ளரைத் தள்ளினேன். அன்பர்களே, அப்போது நான் சொன்னதை மறைக்கலாம். மறைக்கவில்லை. "எனக்கு நீலம் வரக் கூடாதுன்னுதானே குடுக்கறீங்க" என்றேன். உயிர் ஊசலாடும் நேரத்திலும் உள்ளே உட்கார்ந்து பேசியது பொறாமை.

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. "நீலமாம் நீலம். இன்னும் கொஞ்ச நேரம் போனா நீங்களே நீலமாப் பூடுவீங்க. முழுங்க முடியுதில்ல? முழுங்குங்க."

முழுங்கினேன். கால் மணியில் கை நடுக்கம் நின்றது, கண் தெளிந்தது. பிறகு ஒரு பன்னைத் தின்ன வைத்து, ஆட்டோவில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்.

"சுகர் ரொம்ப இறங்கினா உயிருக்கே ஆபத்துன்னு உங்ககிட்ட சொன்னேனே சார்?" என்றார் டாக்டர் அம்மா.

"சொன்னீங்க டாக்டர்."

"புரிஞ்சுதான்னு கேட்டேனே?"

"புரிஞ்சுதுன்னு சொன்னேன்."

அந்தக் கேள்விக்குப் பதிலாக இரண்டு அடி விழுந்திருந்தால் தேவலை.

பெரியோர்களே, எது அறிவு? மாத்திரைச் சீட்டை வாசிப்பதா, மாத்திரை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்வதா? எது அவமானம்? "தெரியாது டாக்டர்" என்று சொல்வதா, தெரியாமல் நடுரோட்டில் சாய்வதா? ஏன் நாம் கேட்பதில்லை? பின்னால் இருப்பவர் சிரிப்பார் என்றா? சிரித்தவன் நான்தான். சிரித்தவன் தரையில் கிடந்தான், கேட்டவர் தூக்கிவிட்டார். ஆகவே கேளுங்கள். எவ்வளவு என்று கேளுங்கள், எப்போது என்று கேளுங்கள், கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று கேளுங்கள். புரியும்வரை அந்த நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

பொறாமை போய்விட்டதா என்கிறீர்களா? போகவில்லை. போன வெள்ளிக்கிழமை என் குழாய் பச்சைக்கு வந்தது, அவருடையது அப்போதும் நீலம். எனக்கு எரிந்தது. இப்போது கங்கையம்மாள் இந்த ஒலிபெருக்கிக்கு வந்து உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லப்போகிறார். எனக்குக் கிடைக்காத கைத்தட்டல் அவருக்குக் கிடைக்கும், தெரியும். அதையும் கேட்டுக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருப்பேன், ஏனென்றால் எனக்கும் கேட்க இரண்டு கேள்வி இருக்கிறது.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், என்னைப் பிழைக்க வைத்த அந்த அம்மையாருக்கும், உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.