நம்புவேலைத் திருப்பி வைத்த கதை

மோட்டார்ப் படகுச் சத்தமே கேக்காத காலம். பாயும் துடுப்பும்தான். அந்தக் காலத்துல நம்ம தாழைவலசையில நம்புவேலு, கருமலையான்னு ரெண்டு கூட்டாளிங்க இருந்தாங்களாம். ஒருத்தர் வெத்தலை போட்டா இன்னொருத்தர் வாய் சிவக்கும்னு ஊரே கேலி பேசுமாம்.

கரைவலை இழுக்கிறதைப் பாத்திருப்பீங்க. கடலுக்குள்ள வலையை வளைச்சுப் போட்டுட்டு, வடக்கே ஒரு கயிறு, தெற்கே ஒரு கயிறு, ரெண்டையும் கரையில நின்னு இழுக்கணும். ரெண்டும் ஒண்ணுபோல வரணும். ஒண்ணு முந்துச்சோ, வலை கோணிக்கும், மீன் போயிரும். நடுவுல நின்னு, "வடக்கே இழு, தெற்கே பொறு"ன்னு குரல் குடுக்கிறவரு நம்புவேலு. அவர் குரலுக்கு அலையே நிக்கும்னு சொல்லுவாங்க. நிக்காது. ஆனா சொல்லுவாங்க.

ஒரு நா வள்ளத்தைக் கரையேத்தயில உருளைக்கட்டை நழுவிருச்சு. வள்ளம் சாஞ்சு நம்புவேலு முதுகுல விழுந்துச்சு. வைத்தியர் வந்து கால்விரலைக் கிள்ளினாராம்.

"தெரியுதா?"

"எது?"ன்னு கேட்டாராம் நம்புவேலு.

வைத்தியர் வெளிய வந்து கருமலையான்கிட்ட, "உசிரு நிக்கும். இடுப்புக்குக் கீழ இனிமே வராது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

கருமலையான் கூட்டாளியை விடலை. குளிப்பாட்டினாரு. புண்ணு வரக்கூடாதுன்னு புரட்டிப் புரட்டிப் படுக்க வச்சாரு. வீட்டுக்குள்ள புழுங்குதேன்னு கரை மேட்டுல ஓலைக் கொட்டகை போட்டு, முதுகுல தூக்கிட்டுப் போயி அங்க படுக்க வச்சாரு. ஆனா ஒரு காரியம் பண்ணாரு பாருங்க. கடல் பக்கத்தை ஓலை வச்சு அடைச்சுட்டு, ஊர்ப் பக்கம் வாசல் விட்டாரு. கடலைப் பாத்தா கூட்டாளி மனசு ஒடிஞ்சிரும்னு நினைப்பு. "எவனும் அவன்கிட்ட கடல் பேச்சு எடுக்கக் கூடாது"ன்னு ஊருக்கும் சொல்லிவச்சாரு.

வர்றவங்க எல்லாம் மழை பேசினாங்க, ஆடு பேசினாங்க. நம்புவேலு பேசலை. கஞ்சி குடுத்தா ரெண்டு வாய். அப்புறம் ஒரு வாய். அப்புறம் அதுவும் இல்லை. அவரு பெண்டாட்டி இருளாயி கலயத்தை அப்படியே தூக்கிட்டுப் போகும். "இவரு தங்கமாட்டாரு போல அண்ணே"ன்னு கருமலையான்கிட்ட அழுதுச்சாம். அவரு என்ன பண்ணாருங்கிறீங்க? அலைச் சத்தம் விழக் கூடாதுன்னு ஓலையை இன்னும் நெருக்கிக் கட்டினாராம்!

ஒரு நா காலையில வலை இழுக்கிறாங்க. ஏலேலோன்னு பாட்டு வருது. ஓலைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவருக்குக் காதுதானே கண்ணு? தெற்குப் பாட்டு வேகமா வருது, வடக்குப் பாட்டு இழுத்து இழுத்து வருது. பொறுத்தாரு. பொறுத்தாரு. முடியலை.

"வடக்கே தொய்யுதுடா! எவன்டா அங்க தூங்குறவன்?"

ஓலையைத் தாண்டிக் குரல் போகலை. இருளாயிக்குத்தான் கேட்டுச்சு. மணல்ல விழுந்தடிச்சு ஓடுச்சு. "அண்ணே, உங்க கூட்டாளி கத்துறாரு!"

வடக்குக் கயித்துல தூங்கினவரே கருமலையான்தான். இழுக்கிற கயித்தை நடுவுல விட்டவனை மறுநாள் கயிறு தொட விடமாட்டாங்க நம்ம ஊர்ல. விட்டுட்டு ஓடினாராம். உசிரு போகுதுன்னே நினைச்சுட்டாரு.

"என்ன மாப்ள, எங்க வலிக்குது?"

"வலியா? என்னைத் திருப்பி வைடா!"

"அங்கிட்டுக் கடலு இருக்கே மாப்ள... நீ ஏங்கிப் போவியேன்னு..."

"எத்தனை ஆட்டைத்தான்டா பாப்பேன்? ஊர்ல உள்ள கிடாய்க்கெல்லாம் பேரு வச்சு முடிச்சிட்டேன். காலுதான்டா போச்சு. எங்கிட்டுப் பாக்கணும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

கருமலையான் வெறுங்கையால ஓலையைப் பிச்சு எறிஞ்சாரு. கூட்டாளியைத் தூக்கி, தன் நெஞ்சுல சாச்சு, கடலைப் பாக்க உக்கார வச்சாரு. நம்புவேலு பாத்தாரு. அழுதாரு. அழுதுக்கிட்டே கத்தினாரு: "தெற்கே பொறு! வடக்கே இழுங்கடா, கஞ்சி குடிக்கலையா?" கரையில இருந்தவங்க திகைச்சு நின்னுட்டாங்களாம். அப்புறம் இழுத்தாங்க பாருங்க, கயிறு ரெண்டும் ஒண்ணுபோல வந்துச்சாம்.

வலை நிறைய மீனுன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா கொஞ்சம் காரப்பொடிதான், அந்த விரல் நீளப் பொடிமீனுதான், பட்டுச்சாம்.

"இதுக்கா இந்தக் கத்து கத்தினே?"ன்னாரு கருமலையான்.

"நீ கயித்தை விட்டுட்டு வந்தா சுறாவா வரும்?"ன்னாரு நம்புவேலு. அந்தக் காரப்பொடியில இருளாயி வச்ச குழம்பைச் சட்டியோட வழிச்சுத் தின்னாராம்.

கால் கடைசி வரைக்கும் வரலை. ஆனா தலை முழுக்க நரைச்ச பிறகும் அந்த மேட்டுல சாஞ்சு உக்காந்து வலையை நடத்தினாரு. கருமலையான் தூக்கிட்டு வருவாரு, இறக்கும் முன்ன எங்கிட்டுன்னு கேப்பாரு. சில நாள் ஊர்ப் பக்கம்னு பதில் வரும். அன்னைக்கு ஊர்ப் பக்கம்தான்.

அதனாலதான் அதுக்கு நம்புவேல் மேடுன்னு பேரு. அங்க கொட்டகை போட்டா நாலு காலும் கூரையும்தான், எந்தப் பக்கமும் அடைக்க மாட்டோம். படுக்கையில கிடக்கிறவங்களைப் பாக்கப் போனா, "எப்படி இருக்கே"ன்னு முதல்ல கேக்க மாட்டோம். "எங்கிட்டுப் பாக்கணும்?"னு கேட்டு, கட்டிலைத் திருப்பிப் போட்டுட்டுத்தான் உக்காருவோம். என் மாமியாரு அடுப்படிப் பக்கம்னாங்க. மருமக எவ்வளவு எண்ணெய் ஊத்துறான்னு பாக்கணுமாம். என் கொழுந்தனாரு மரத்துல இருந்து விழுந்து கிடந்தப்போ செவுத்துப் பக்கம்னாரு. எவன் மூஞ்சியும் பாக்கப் பிடிக்கலை அவருக்கு. அப்படியே போட்டோம், யாரும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லலை. கொஞ்ச நாள் போச்சு. அவரே கூப்பிட்டாரு.

"மதினி, கொஞ்சம் வாசப்பக்கம் திருப்புங்க."